வாளுக்கு வளையாத மலை

தேவகிரி, தௌலதாபாத் என்று இரண்டு பெயர்கள். எட்டு நூற்றாண்டு வரலாறு. படையெடுத்து வந்தவர்களைத் தடுத்து நிறுத்திய பாறை, பசியையும் பணத்தையும் தடுக்க முடியாமல் தோற்ற கதை இது.

கையிலிருந்த டார்ச்சை வழிகாட்டி அணைக்கிறார். சட்டென்று எதுவுமே இல்லை. பக்கத்தில் நிற்பவரின் முகம் இல்லை, காலடியில் படி இல்லை, மேலே கூரை இல்லை. வௌவால் எச்சத்தின் நெடி மட்டும் மூக்கைத் துளைக்கிறது. எங்கோ தலைக்கு மேல் இறக்கைகள் படபடக்கின்றன. சுற்றுலாப் பயணிகளின் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. "இப்போது நீங்கள்தான் எதிரிப் படை. எந்தப் பக்கம் போவீர்கள்?" என்று இருட்டிலிருந்து இந்தியில் கேட்கிறார் வழிகாட்டி.

யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு சிறுவனின் குரல் மட்டும் தமிழில் ஒலிக்கிறது: "தாத்தா, கையை விட்டுடாதீங்க."

மகாராஷ்டிரத்தில் தௌலதாபாத் கோட்டையின் 'அந்தேரி' என்ற சுரங்கப் பாதை இது. மலையைக் குடைந்து வளைந்து வளைந்து மேலேறும் படிக்கட்டு. இதைக் கடக்காமல் அன்று உச்சிக்குப் போக வழி கிடையாது. சிறுவனின் கையைப் பிடித்திருக்கும் தாத்தா, திருநெல்வேலிப் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புனேயில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்தவர், எல்லோராவுக்குப் போகும் வழியில் பேரனை இங்கே அழைத்து வந்திருக்கிறார். "துக்ளக் தலைநகரை மாத்தினான்னு வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். பையன்கள் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். மாத்தின இடம் எப்படி இருக்கும்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை" என்கிறார் அவர்.

தமிழ்நாட்டில் துக்ளக் என்றாலே சிரிப்புதான். 1968-ல் சோ எழுதி மேடையேற்றிய நாடகமும், 1970-ல் அவர் தொடங்கிய பத்திரிகையும் அந்தப் பெயரைக் கோமாளித்தனத்தின் மறுபெயராக்கிவிட்டன. ஆனால் இந்த மலையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் சிரிப்பு வராது. எழுகிற கேள்வி வேறு: இதைப் பார்த்த ஒரு சுல்தான் இங்கே குடியேற ஆசைப்படாமல் இருந்திருந்தால்தானே ஆச்சரியம்?

பாறையே அரண்

முன்பு அவுரங்காபாத் என்று அழைக்கப்பட்டு, 2023-ல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறிய நகரிலிருந்து வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டர். தக்காணத்தின் சமவெளியில் தன்னந்தனியாக, கூம்பு வடிவத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது மலை. எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கருங்கல். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைக் குடைந்தெடுத்ததும் இதே வகைப் பாறையில்தான்.

கல்லைக் குடையத் தெரிந்த இந்த மண்ணின் கைகள் இங்கே வேறொரு காரியம் செய்தன. மலையின் கீழ்ப் பகுதியைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கி எடுத்துவிட்டன. சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு, பல்லி கூட ஏறத் தயங்கும் வழவழப்பான சுவர். அதன் காலடியில் பாறையை வெட்டி அகழி. மதில் கட்டிப் பாதுகாத்த கோட்டைகள் இந்தியாவில் ஏராளம். மலையையே மதிலாக மாற்றிய கோட்டை அபூர்வம்.

யாதவ மன்னர் ஐந்தாம் பில்லமர் 1187-ஐ ஒட்டி இந்த இடத்தைத் தலைநகராக்கினார். பெயர் தேவகிரி, தெய்வங்களின் மலை. அடுத்த நூறு ஆண்டுகள் தக்காணத்தின் செல்வமெல்லாம் இங்கே வந்து குவிந்தது. செல்வத்தோடு கலையும் வந்தது. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த சார்ங்கதேவர், யாதவ மன்னர் சிங்கணரின் அரண்மனையில் பணிபுரிந்தபடி 13-ம் நூற்றாண்டில் 'சங்கீத ரத்னாகரம்' எழுதினார். இந்துஸ்தானி இசைக்காரர்களும் கர்நாடக இசைக்காரர்களும் ஒருசேர உரிமை கொண்டாடும் நூல் அது. ஞானேஸ்வரர் கீதைக்கு மராத்தியில் உரை கண்டது 1290-ல், யாதவ மன்னர் ராமச்சந்திரரின் காலத்தில்.

ஆறு ஆண்டுகள் கழித்து அந்த ராமச்சந்திரரின் வாசலில் புழுதி பறந்தது.

உப்பு மூட்டைகள்

1296. டெல்லி சுல்தான் ஜலாலுத்தீன் கில்ஜியின் அண்ணன் மகனும் மருமகனுமான அலாவுத்தீன், மாமனாரிடம் சொல்லாமலேயே சில ஆயிரம் குதிரை வீரர்களுடன் விந்திய மலையைத் தாண்டி வந்தார். தேவகிரியின் செல்வம்தான் குறி. வந்த நேரம் அவருக்குச் சாதகம். யாதவர்களின் பிரதான படை இளவரசருடன் வெளியூர் போயிருந்தது. கைக்குக் கிடைத்த ஆட்களோடு சமவெளியில் மோதிப் பார்த்த ராமச்சந்திரர் தோற்று, கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் பெரிஷ்டா விவரிக்கிறார். தான் வெறும் முன்னணிப் படை, பின்னால் டெல்லியின் பெரும்படை வருகிறது என்று அலாவுத்தீன் வதந்தி பரப்பினார். இளவரசர் படையோடு திரும்பி வந்து போரிட்டபோது, வெற்றி கிட்டத்தட்ட யாதவர்களின் கையில் இருந்தது. அந்த நேரத்தில், முற்றுகைக்காக விட்டுவைக்கப்பட்டிருந்த சுமார் ஆயிரம் குதிரை வீரர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தார்கள். வருவது டெல்லியின் பெரும்படைதான் என்று நினைத்து யாதவப் படை கலைந்தது.

கோட்டைக்குள் இன்னும் மோசமான செய்தி காத்திருந்தது. முற்றுகைக்காக அவசர அவசரமாக உள்ளே ஏற்றிய மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தானியம் என்று நினைத்த மூட்டைகளில் இருந்தது உப்பு. வணிகர்கள் சாலையில் போட்டுவிட்டு ஓடியதை, என்னவென்று பார்க்காமலே உள்ளே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள்.

உப்பைத் தின்று முற்றுகையைத் தாங்க முடியாது. ராமச்சந்திரர் பேச்சுவார்த்தைக்கு இறங்கினார். பொன்னும் முத்தும் பட்டும் மூட்டை மூட்டையாக வடக்கே போயின. அந்தப் பணத்தைக் கொண்டு அலாவுத்தீன் செய்த முதல் காரியம், தன்னை வரவேற்க வந்த ஜலாலுத்தீனைக் கொன்றது. டெல்லியை நோக்கிப் போகும் வழியில், கல்லெறியும் எந்திரத்தில் பொற்காசுகளை வைத்துக் கூட்டத்தின் மீது வீசினார் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் பரணி. டெல்லியின் அரியணை தேவகிரியின் பணத்தில் வாங்கப்பட்டது.

மதுரைக்குப் போன பாதை

கதை அதோடு முடிந்திருந்தால் தமிழகத்துக்குச் சம்பந்தம் இருந்திருக்காது. கப்பம் நின்றதும் 1307-08-ல் அலாவுத்தீனின் தளபதி மாலிக் கபூர் வந்தார். ராமச்சந்திரரை டெல்லிக்கு அழைத்துப் போனார். அங்கே தண்டனைக்குப் பதிலாக மரியாதை கிடைத்தது. 'ராய் ராயான்' என்ற பட்டத்துடன் மன்னர் ஊர் திரும்பினார். கில்ஜி கணக்குப் போட்டுச் செய்த தாராளம் அது. தெற்கே போகும் படைக்கு நடுவழியில் ஒரு நண்பர் வேண்டும்.

1311-ன் தொடக்கத்தில் மாலிக் கபூர் மீண்டும் தேவகிரிக்கு வந்தபோது அந்தக் கணக்கு பலித்தது. படைக்குத் தேவையான பொருட்கள் கிடைக்கும்படி சந்தைகள் ஏற்பாடு செய்யப்பட்டன. வழிகாட்ட ஆள் கொடுக்கப்பட்டது. இங்கே இளைப்பாறிய படை ஹொய்சாளர்களின் துவாரசமுத்திரத்தைப் பணிய வைத்துவிட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் மதுரைக்குள் நுழைந்தது. சுந்தர பாண்டியரும் வீர பாண்டியரும் அரியணைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மதுரையின் வீழ்ச்சியைப் படித்தவர்களுக்கு, அதன் ஒரு முனை இந்த மலையடிவாரத்துச் சந்தையில் இருந்தது அதிகம் தெரியாது.

ராமச்சந்திரரின் வாரிசுகள் அந்த நட்பை ஏற்கவில்லை. மகன் எதிர்த்துக் கொல்லப்பட்டார். மருமகன் ஹரபாலர் எதிர்த்து, 1318-ஐ ஒட்டிக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். யாதவ வம்சம் முடிந்தது. அதே 1318-ல் குத்புத்தீன் முபாரக் கில்ஜி இங்கே ஒரு பெரிய மசூதி எழுப்பினார். அதன் மண்டபத்தில் நிற்கும் நூற்றுக்கும் அதிகமான தூண்களில் பழைய கோயில் வேலைப்பாட்டை இன்றும் பார்க்கலாம். 1948-ல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பிறகு இந்தக் கட்டடத்தில் பாரத மாதா சிலை வைக்கப்பட்டு, அது கோயிலானது. கோயில் தூண், மசூதிக் கூரை, மீண்டும் கோயில் என்று ஒரே மண்டபத்தில் மூன்று காலங்கள். உள்ளே நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கோமாளியின் கணக்கு

1327-ல் முகமது பின் துக்ளக் தேவகிரிக்கு தௌலதாபாத், அதாவது செல்வத்தின் நகரம் என்று பெயரிட்டுத் தலைநகராக்கினார். டெல்லியிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். அதிகாரிகள், உலமாக்கள், சூஃபிகள், கவிஞர்கள், படைவீரர்கள் என்று பெருங்கூட்டம் தெற்கு நோக்கி நடந்தது. வழியிலேயே பலர் மாண்டார்கள்.

இதைப் பற்றிய மிகப் பிரபலமான கதையைச் சொன்னவர் மொராக்கோ பயணி இப்னு பதூதா. டெல்லியில் ஒருவர்கூட இருக்கக்கூடாது என்று உத்தரவாம். தேடிப் பார்த்ததில் ஒரு முடவரும் ஒரு குருடரும் கிடைத்தார்களாம். முடவரைக் கல்லெறியும் எந்திரத்தில் வைத்து வீசினார்கள். குருடரை நாற்பது நாள் பயணத் தூரம் இழுத்துப் போனதில், தௌலதாபாத் வந்து சேர்ந்தது அவரது கால் மட்டும்தான். கேட்கவே நடுங்க வைக்கும் கதை. ஆனால் இப்னு பதூதா டெல்லிக்கு வந்ததே 1334-ல். அவர் எழுதியது காதில் விழுந்தது. டெல்லியைச் சுற்றிக் கிடைத்துள்ள 1327, 1328-ம் ஆண்டுகளின் சமஸ்கிருதக் கல்வெட்டுகள் வேறு சித்திரத்தைத் தருகின்றன. சாதாரண மக்கள் அங்கே வழக்கம்போல வாழ்ந்திருக்கிறார்கள், தர்மங்கள் செய்திருக்கிறார்கள். மேல்தட்டினரும் அவர்களைச் சார்ந்தவர்களும் கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டார்கள், டெல்லி முற்றிலும் காலியாகவில்லை என்பதே இன்று பல வரலாற்றாசிரியர்களின் கருத்து.

சுல்தானின் காரணமும் பைத்தியக்காரத்தனமானது அல்ல. மதுரை வரை பரவிவிட்ட ராஜ்யத்தை டெல்லியில் உட்கார்ந்து ஆள்வது கடினம். தௌலதாபாத் நடுவில் இருந்தது. கோட்டையும் தயாராக இருந்தது. தவறு இடத்தில் இல்லை, முறையில் இருந்தது. போக விரும்பாதவர்களை விரட்டிக் குடியேற்றினார். சில ஆண்டுகளிலேயே, திரும்பிப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று அவரே அனுமதிக்க வேண்டியதாயிற்று.

விளைவு? தெற்கைப் பிடித்து வைக்க வந்த சுல்தானின் கையிலிருந்து தெற்கு முழுவதும் நழுவியது. 1335-ஐ ஒட்டி மதுரையில் அவரது ஆளுநர் ஜலாலுத்தீன் அசன் கான் தனி சுல்தானானார். அவரை அடக்கப் புறப்பட்ட துக்ளக்கின் படையை வாரங்கல்லில் கொள்ளைநோய் தாக்கியது. நோயுற்றுத் திரும்பும் வழியில் விழுந்த தன் பல்லை பீட் நகருக்கு அருகே புதைத்து சமாதி கட்டினார் சுல்தான் என்கிறார் பெரிஷ்டா. 1336-ல் விஜயநகரம் எழுந்தது. 1347-ல் தௌலதாபாத்திலேயே படைத் தலைவர்கள் கலகம் செய்து பாமினி அரசை அறிவித்தார்கள். தலைநகராக்கி இருபது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இதையெல்லாம் அகழிக்கு முன்னால் உள்ள மேடையில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்லி முடிக்கிறார் ஆசிரியர். சிறுவனுக்கு ஒரு சந்தேகம். "அப்போ அவரு முட்டாள் இல்லையா தாத்தா?"

"முட்டாளா இருந்தா பரவாயில்லைடா. புத்திசாலி. ஆனா மத்தவங்களைக் கேக்கவே மாட்டான். அதுதான் ஆபத்து."

வந்தவர்கள் விட்டுச் சென்றது

தோற்றுப்போன அந்தக் குடிபெயர்ப்பு சுவடில்லாமல் மறையவில்லை. டெல்லியிலிருந்து வந்தவர்களில் எல்லோரும் திரும்பிப் போகவில்லை. சூஃபி ஞானி புர்ஹானுத்தீன் கரீப், கவிஞர் அமீர் ஹசன் சிஜ்ஸி போன்றவர்கள் இங்கேயே தங்கினார்கள். சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள குல்தாபாத்தில் அவர்களது அடக்கத்தலங்கள் இருக்கின்றன. வந்தவர்கள் கொண்டுவந்த டெல்லிப் பேச்சு இங்கே மராத்தியோடும் தெலுங்கோடும் கன்னடத்தோடும் உரசி, தக்கினி என்ற மொழியாக வளர்ந்தது. ஹைதராபாத்தின் தெருக்களில் ஒலிப்பது அதுதான். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகளில் கேட்பதும் அதன் சாயல்தான். ஒரு சுல்தானின் தவறான உத்தரவு, பாலாற்றங்கரை வரை ஒரு மொழியைக் கொண்டு சேர்த்திருக்கிறது.

பாமினி சுல்தான்கள் கோட்டையை மேலும் பலப்படுத்தினார்கள். நுழைவாயிலைத் தாண்டியதும் கண்ணில் படும் சாந்த் மினார், 1440-களில் அவர்கள் எழுப்பியது. பாரசீகப் பாணியில் மெலிந்து உயர்ந்து நிற்கும் கோபுரம். பிறகு அகமதுநகரின் நிஜாம் ஷாஹிகள். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் அரசையே நடத்தும் நிலைக்கு உயர்ந்த மாலிக் அம்பர் இந்தக் கோட்டையைத் தளமாகக் கொண்டுதான் முகலாயர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தார். அருகே 1610-ல் அவர் நிறுவிய கட்கி என்ற ஊர்தான் பின்னால் அவுரங்காபாத் ஆனது.

அம்பர் 1626-ல் இறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1633-ல் ஷாஜகானின் தளபதி மகாபத் கான் கோட்டையை வளைத்தார். வெடிமருந்து வைத்து வெளி மதில்களைத் தகர்த்தார்கள். மலை மட்டும் அசையவில்லை. உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அம்பரின் மகன் ஃபதே கான் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுத்தார். தந்தை காத்த மலையை மகன் விற்ற கதையைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் தாழ்கிறது. இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் அந்த இடம் மட்டும் தனக்குப் பழகவில்லை என்கிறார்.

1296-ல் உப்பு. 1633-ல் பசியும் பணமும். இரண்டு முறையும் செங்குத்துப் பாறையில் ஏறி யாரும் ஜெயிக்கவில்லை. கதவு உள்ளிருந்தே திறந்தது.

இருட்டில் ஒரு பொறி

ஏன் ஏற முடியவில்லை என்பது மலையில் ஏறும்போது புரிகிறது. வாயில்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. யானையை ஓடவிட்டுக் கதவை முட்டவைக்க இடம் கிடைக்காதபடி, ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் பாதை சட்டென்று திரும்புகிறது. கதவுகளில் இரும்பு முட்கள். ஒரு வாயிலைக் கடந்ததும் நாலாபுறமும் மதில் சூழ்ந்த முற்றம். மேலிருந்து அம்பு பாய வசதியான இடம்.

அகழியைக் கடக்க இன்று இரும்புப் பாலம் இருக்கிறது. அதற்குக் கீழே தெரியும் பழைய கல் பாலம் நடுவில் பள்ளமாக இறங்கி மறுபுறம் ஏறுகிறது. கட்டியவர்களின் தவறல்ல அது. ஆபத்துக் காலத்தில் அகழியின் நீர்மட்டத்தை உயர்த்தினால் பாலம் மூழ்கிவிடும்.

அதையும் தாண்டி வந்தால் அந்தேரி. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு எதுவும் தெரியாது. சுரங்கத்தின் மேல் முனையை இரும்பு மூடியால் அடைத்து, அதன் மேல் நெருப்பு மூட்டினால் புகை முழுவதும் உள்ளே இறங்கும். வாள் உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள் என்றும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள். "எண்ணெய் ஊத்தினா மறுநாள் இவங்களுக்கும்தானே வழுக்கும்?" என்று சிறுவன் கேட்கிறான். தந்தை அதை இந்தியில் மொழிபெயர்க்கிறார். வழிகாட்டி ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

இதே மலையின் பாதாளச் சிறையைப் பற்றி இப்னு பதூதா எழுதியிருக்கிறார். பூனையைவிடப் பெரிய எலிகள் அங்கே இருந்தனவாம். சிறையிலிருந்து மீண்ட ஒருவரே அவரிடம் சொன்னது. கோட்டைக்கு ஏறத் தோல் ஏணி இருந்ததையும், இரவில் அதை மேலே இழுத்துக்கொள்வதையும் குறிப்பிடும் அவர், ஊரில் இருந்த பாடகர்களின் கடைத்தெருவையும் மறக்காமல் வர்ணிக்கிறார். சார்ங்கதேவர் வாழ்ந்த ஊரில் நூறு ஆண்டு கழித்தும் பாட்டு நிற்கவில்லை.

சிறை வைத்தவரின் சிறை

சீனி மகால் என்ற இடிந்த மாளிகையில் நீல நிறப் பளபளப்பு ஓடுகளின் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயருக்குக் காரணம் அந்தச் சீன ஓடுகள்தான். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷா, 1687-ல் அவுரங்கசீப்பிடம் நாட்டை இழந்தபின் கொண்டுவரப்பட்டது இங்கேதான். கோல்கொண்டாவும் போரில் விழவில்லை. அங்கேயும் யாரோ காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள்.

பத்ராசலம் ராமதாசரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு தானாஷா பழக்கமானவர். அரசாங்கப் பணத்தில் ராமர் கோயில் கட்டினார் என்று ராமதாசரைச் சிறையில் அடைத்த சுல்தான் அவர்தான். ராமதாசர் விடுதலையானார். சிறை வைத்தவருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் இந்த மலையில் கைதியாக இருந்து 1699-ல் இறந்தார்.

மாளிகைக்கு அருகே ஒரு கொத்தளத்தில் மேண்டா தோப் பீரங்கி படுத்திருக்கிறது. பின்முனையில் ஆட்டுக்கடாவின் தலை. 'கோட்டையை உடைப்பது' என்று இன்னொரு பெயரும் உண்டு. சிறுவர்கள் அதன் கொம்பைத் தடவித் தடவி உலோகம் மினுமினுக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது?

எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள். பாதிப் பேர் அந்தேரியோடு திரும்பிவிடுகிறார்கள். மேலும் ஏறுகிறவர்களுக்கு வழியில் ஒரு பிள்ளையார் கோயில், பிறகு 1636-ல் ஷாஜகானின் வருகைக்காகக் கட்டப்பட்ட பாரதரி மாளிகை. 16-ம் நூற்றாண்டில் நிஜாம் ஷாஹிகளின் கீழ் இந்தக் கோட்டையின் பொறுப்பாளராக இருந்த ஜனார்தன சுவாமி தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகையும் இங்கே உண்டு. மகாராஷ்டிரம் கொண்டாடும் ஏகநாதர் அவருடைய சீடர். முஸ்லிம் சுல்தானின் கோட்டைக்கு இந்து ஞானி காவல். அன்று அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை.

இன்று தெரிகிறது. கோட்டையின் பெயரை மீண்டும் தேவகிரி என்று மாற்றப்போவதாக 2022-ல் மாநில சுற்றுலாத் துறை அமைச்சர் அறிவித்தார். பக்கத்துக் குல்தாபாத்தில் உள்ள அவுரங்கசீப்பின் கல்லறையை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை 2025 மார்ச்சில் நாக்பூரில் வன்முறையில் முடிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் பெயரால் இன்றைய மனிதர்கள் காயமடைகிறார்கள். தேவகிரி என்ற பெயருக்கு நியாயமான உரிமை உண்டு. யாதவர்கள் இட்ட பெயர் அது. ஆனால் மலையின் மீது இருப்பவற்றில் யாதவர்களுடையது எது, பாமினிகளுடையது எது, முகலாயர்களுடையது எது என்று பிரித்தெடுக்க முயன்றால், கடைசியில் மிஞ்சுவது வெறும் பாறைதான்.

அந்தப் பாறையையும் சுற்றுப்புறத்தையும் காப்பாற்றுவது வேறு வேலை. இந்தியத் தொல்லியல் துறை அடிவாரத்தில் தோண்டி, பழைய நகரத்தின் கட்டட அடித்தளங்களை வெளிக்கொணர்ந்திருக்கிறது. எல்லோராவுக்குச் செல்லும் சாலையோ கோட்டையின் வெளி மதிலை ஊடுருவிச் செல்கிறது. மதில் சுவர்களில் காதலர்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஊரின் பெயருக்காக வாதாடுகிறவர்கள், சுவரில் எழுதப்படும் இந்தப் பெயர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

மூச்சு வாங்க உச்சிக்கு வந்து சேர்கிறார் ஓய்வு பெற்ற ஆசிரியர். கீழே சாந்த் மினார் ஊசியாகத் தெரிகிறது. அதற்கு அப்பால் யானைக் குளம், பாரத மாதா கோயிலின் முற்றம், மதில்களுக்கு வெளியே வயல்கள். வடக்கே டெல்லி, தெற்கே மதுரை. இரண்டையும் இங்கிருந்து ஆள நினைத்தவரின் இடத்தில் நின்று கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறார்.

"திரும்ப வகுப்பு எடுக்கச் சொன்னா எப்படிச் சொல்லுவீங்க தாத்தா?" என்று கேட்கிறான் பேரன்.

"கோட்டையை யாரு பிடிச்சாங்கன்னு கேக்க மாட்டேன். உள்ளே இருந்து யாரு திறந்து விட்டாங்கன்னு கேப்பேன்" என்கிறார் அவர். பிறகு பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் தொடங்குகிறார். மீண்டும் அந்த இருட்டைக் கடந்தாக வேண்டும்.